கையெழுத்துக்கு முன், கையெழுத்துக்குப் பின்

2014 பிப்ரவரி 24 அன்று உகாண்டா அதிபர் யோவேரி முசேவேனி, என்டெபே அரசு மாளிகையில் தன்பாலின எதிர்ப்புச் சட்டத்துக்குக் கையெழுத்திட்டார். வழக்கமாக நாலு சுவருக்குள் முடிந்துவிடும் காரியம் இது. அன்று உள்ளூர், வெளியூர்ப் பத்திரிகையாளர்களை வரவழைத்து, கேமராக்கள் ஓட, அதிகாரிகள் கைதட்ட ஒப்பமிட்டார். மேற்கு நாடுகளின் நெருக்குதலுக்கு நடுவிலும் உகாண்டா சுதந்திர நாடு என்று காட்டுவதற்காகவே உலகப் பத்திரிகைகளின் முன்னால் கையெழுத்திடுகிறார் என்று அரசின் செய்தித் தொடர்பாளர் ஒஃப்வோனோ ஒபோண்டோ ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எட்டு நாளுக்கு முன்புதான், இந்தச் சட்டம் இரு நாட்டு உறவைச் சிக்கலாக்கும் என்று அமெரிக்க அதிபர் ஒபாமா அறிக்கை விட்டிருந்தார். அந்த அறிக்கை கையெழுத்தைத் தடுக்கவில்லை. அதற்கு ஒரு மேடையும் பார்வையாளர் கூட்டமும் அமைத்துக் கொடுத்தது.

ஒரு நாடு தன் குடிமக்களில் ஒரு பகுதியினரைக் குற்றவாளிகள் ஆக்கும்போது மற்ற நாடுகள் என்ன செய்யலாம், செய்தவற்றில் எது பலித்தது என்ற கேள்விக்கு உகாண்டாவைவிடப் பொருத்தமான சோதனைக்களம் இல்லை. கண்டன அறிக்கை, உதவி நிறுத்தம், விசா மறுப்பு, கடன் முடக்கம், வணிகச் சலுகை ரத்து, தனிநபர் தடை என்று அரசதந்திரக் கிடங்கில் உள்ள ஆயுதங்கள் அநேகமாக எல்லாமே அங்கே எடுத்துப் பார்க்கப்பட்டுவிட்டன. அவற்றை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். சட்டத்தின் வாசகத்தில் ஒரு வரியாவது மாறியதா? அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறவருக்குப் பாதுகாப்பு கூடியதா, குறைந்ததா? கண்டித்தவர்களின் மனத்திருப்தியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கதை 2009இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்காட் லைவ்லி உள்ளிட்ட அமெரிக்க சுவிசேஷகர்கள் மூவர் தலைநகர் கம்பாலாவில் தன்பாலின எதிர்ப்புக் கருத்தரங்கு நடத்தினார்கள். அக்டோபரில் டேவிட் பஹாட்டி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். சில வகைக் 'குற்றங்களுக்கு' அதில் மரண தண்டனை இருந்தது. 'அந்நியக் கலாச்சாரத்தை எதிர்க்கிறோம்' என்று முழங்கிய மசோதாவுக்கு முன்னுரை வாசித்தவர்கள் அந்நியர்கள். அதற்கு அடியில் இருந்த பழைய சட்டமோ, இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட நம் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு உடன்பிறப்பு. அதே காலனி ஆட்சி கொண்டுபோய் இறக்கிய சரக்கு. இப்படிப்பட்ட சட்டங்களைப் பரப்பியதற்காக 2018 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே காமன்வெல்த் அரங்கில் வருத்தம் தெரிவித்தார். ஆப்பிரிக்கப் பண்பாடு தானாக எழுந்து நின்று எழுதிய சட்டம் இது என்ற வாதத்தை இதற்கு மேல் மதிக்க வேண்டியதில்லை.

2009க்கும் 2013க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் வெளிநாடுகளின் பேச்சு ஓரளவு பலித்தது என்றே சொல்ல வேண்டும். மசோதா கிடப்பில் கிடந்தது. 2013 டிசம்பர் 20 அன்று நிறைவேறியபோது மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்திருந்தது. இந்தக் காலத்து வேலையில் பெரும்பகுதி தூதரக அறைகளுக்குள் நடந்தது. வெளியே வந்த இடங்களில் அது சொதப்பியது. 2011 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், இத்தகைய சட்டம் உள்ள நாடுகளுக்கு நிதியுதவியை வெட்டலாம் என்று பேசினார். கண்டம் முழுவதிலிருந்தும் ஆப்பிரிக்கச் செயல்பாட்டாளர்களும் 50க்கும் மேற்பட்ட அமைப்புகளும் கையெழுத்திட்டு அதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டார்கள். உதவி நின்றால் எல்லாருக்கும் வலிக்கும்; வலிக்குக் காரணம் என்று எங்களைத்தான் கைகாட்டுவார்கள்; அந்த மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களில் நாங்களும் உண்டு என்பது அவர்கள் வாதம். இதில் எந்தச் சித்தாந்தச் சிடுக்கும் இல்லை. தெருவில் அடி வாங்கப்போகிறவர்கள் போட்ட கணக்கு அது.

அடுத்த ஆண்டே அதற்குச் சாட்சி கிடைத்தது. 2012 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரில் நாடாளுமன்றங்களின் உலக மாநாட்டில் கனடிய வெளியுறவு அமைச்சர் ஜான் பெயர்ட், தன்பால் ஈர்ப்பாளர்கள் மீதான ஒடுக்குமுறையைச் சுட்டி உகாண்டாவைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். உகாண்டா சபாநாயகர் ரெபெக்கா கடாகா எழுந்து, நாங்கள் கனடாவின் காலனி அல்ல என்ற தொனியில் திருப்பிக் கொடுத்தார். பெயர்ட் பேசியது முழுக்கச் சரி. விளைவு? கடாகா என்டெபே விமான நிலையத்தில் இறங்கியபோது மதத் தலைவர்களோடு ஒரு கூட்டமே வரவேற்கக் காத்திருந்தது. அந்தச் சூட்டில், மசோதாவை மக்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவேன் என்று அறிவித்தார். பரிசு வர ஓராண்டு தாமதமானது, அவ்வளவுதான்.

கையெழுத்துக்குப் பின் வந்த தண்டனைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் எது நிறுத்தப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உலக வங்கி 9 கோடி டாலர் கடனைத் தள்ளிவைத்தது. அது பேறுகால, சிசு மருத்துவ வசதிகளை மேம்படுத்துவதற்கான பணம். மசோதாவுக்கு வாக்களித்த உறுப்பினர் எவருடைய வீட்டுக் கணக்கிலும் அது வரப்போவதில்லை. நெதர்லாந்து, உகாண்டாவின் நீதித்துறைக்கு அளித்துவந்த உதவியை முடக்கியது. ஐந்து மாதம் கழித்துச் சட்டத்தைச் செல்லாததாக்கியது அதே நீதித்துறைதான் என்பதை நினைத்தால், தண்டனைக்கு ஆள் தேர்ந்தெடுத்த லட்சணம் புரியும். டென்மார்க்கோ அரசுக்குப் போக வேண்டிய தொகையைத் தன்னார்வ அமைப்புகள் பக்கம் திருப்பியது. அந்த வரிசையில் ஓரளவு யோசித்துச் செய்யப்பட்ட காரியம் அது.

அமெரிக்கா ஜூனில் விசா கட்டுப்பாடு விதித்தது, உகாண்டாவில் நடக்க இருந்த ஒரு ராணுவப் பயிற்சியை ரத்து செய்தது, காவல்துறைத் திட்டம் ஒன்றுக்கு 24 லட்சம் டாலரை நிறுத்தியது. ஆனால் கையெழுத்தாகி ஒரு மாதத்துக்குள், மார்ச்சில், கிளர்ச்சித் தலைவர் ஜோசப் கோனியைத் தேடும் வேட்டைக்காக நான்கு ஆஸ்ப்ரே விமானங்களையும் கூடுதல் சிறப்புப் படையினரையும் அதே அமெரிக்கா உகாண்டாவுக்கு அனுப்பியிருந்தது. சோமாலியாவில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதிப்படைக்கு 2007இல் முதலில் வீரர்களை அனுப்பிய நாடு உகாண்டா. அந்தப் படை வாஷிங்டனுக்குத் தேவை. கம்பாலாவில் கூட்டிக் கழிக்கத் தெரிந்த எவருக்கும், எந்தக் கோட்டுக்கு அப்பால் அமெரிக்கக் கோபம் போகாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

2014 ஆகஸ்ட் 1 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. காரணம்: வாக்கெடுப்பின்போது அவையில் கோரம், அதாவது தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லை. மூன்றே நாளில் வாஷிங்டனில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் மாநாடு. முசேவேனி விமானம் ஏறுவதற்கு வசதியாக வந்த தீர்ப்பு என்று இரு தரப்பிலும் பேசிக்கொண்டார்கள். தேதியைப் பார்த்தால் சந்தேகம் இயல்பு. ஆனால் இதை அந்நிய அழுத்தத்தின் வெற்றியாகப் பதிவு செய்ய எனக்குத் தயக்கம் உண்டு. கோரம் இல்லை என்ற ஆட்சேபத்தை வாக்கெடுப்பு நாளிலேயே பிரதமர் அமாமா ம்பபாசி அவையில் எழுப்பினார். கையெழுத்திடும் முன்பு முசேவேனியே சபாநாயகருக்கு எழுதிய கடிதத்தில் அதையே கேட்டிருந்தார். வழக்குத் தொடுத்தவர்களில் ஃபாக்ஸ் ஒடோய் என்ற ஆளுங்கட்சி உறுப்பினரும் இருந்தார். கையெழுத்துக்கு முன்பே உள்ளூரில் ஒரு வாசல் வைக்கப்பட்டிருந்தது. அழுத்தம் செய்ததெல்லாம் அந்த வாசலைத் திறப்பதை அரசுக்கு லாபமாக்கியதுதான். அதே ஆண்டு அக்டோபரில் முசேவேனி பத்திரிகையில் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல ஆதாரம். மண்பானைக்குள் பாம்பு புகுந்திருக்கிறது, பாம்பைக் கொல்ல வேண்டும், பானை உடையக் கூடாது என்றார். பானை என்று அவர் சொன்னது ஏற்றுமதி வணிகத்தை. ஒன்பது ஆண்டுகள் சட்டம் திரும்பி வரவில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கூடுதல் கடுமையோடு வந்தது. 2023 மார்ச்சில் நிறைவேறி, அதிபர் திருப்பி அனுப்பி, மே 2 அன்று மறுபடி நிறைவேறி, மே மாத இறுதியில் சட்டமானது. மோசமான வகை என்று வரையறுத்தவற்றுக்கு மரண தண்டனை, மற்றவற்றுக்கு ஆயுள், 'ஊக்குவிப்பு'க்கு 20 ஆண்டு. திருப்பி அனுப்பிய இடைவெளியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது: தன்னைத் தன்பால் ஈர்ப்பாளர் என்று சொல்லிக்கொள்வது மட்டுமே குற்றமாகாது என்றானது. உலகத் தலைநகரங்களின் மொத்தக் கூச்சலும் சேர்ந்து அச்சேறிய வாசகத்தில் உண்டாக்கிய பெரிய வேறுபாடு இந்த அளவுதான், அதுவும் கையெழுத்துக்கு முன்பே கிடைத்தது.

பின்பு வந்தவை? ஆகஸ்டில் உலக வங்கி புதிய கடன்களை நிறுத்தியது. இம்முறை உரிமை அமைப்புகள் பலவும் வங்கி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தன. 2011 அறிக்கையைக் காட்டி 'அவர்களே வேண்டாம் என்றார்களே' என்று இன்று வாதாட முடியாது. அமெரிக்கா, ஆப்பிரிக்க நாடுகளுக்கான தன் வரிச்சலுகைத் திட்டமான அகோவாவிலிருந்து 2024 ஜனவரி 1 முதல் உகாண்டாவை நீக்கியது. தலைப்புச் செய்தியாக இது பெரிது. கணக்காகப் பார்த்தால் உகாண்டாவின் பெரிய ஏற்றுமதி தங்கம். அது துபாய் பக்கம் போகிறது. அடுத்தது காபி, பச்சைக் கொட்டைக்கு அமெரிக்கா அப்போது யாரிடமும் வரி வாங்கவில்லை, சலுகை போனதில் அதற்கு நஷ்டமில்லை. அடி விழுந்தது துணி, கைவினை போன்ற சிறு ஏற்றுமதியாளர்கள் மேல். அதே ஜனவரியில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு கம்பாலாவிலேயே கூடியது. நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் உட்பட உலகின் பெரும்பகுதி அங்கே போய்க் கைகுலுக்கியது. தனிமைப்படுத்தல் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் இருக்க முடியும்?

2025 ஜூனில் உலக வங்கி கடன் வழங்கலை மறுபடி தொடங்கியது. திட்டங்களில் பாகுபாடு நேராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகள் செய்தாயிற்று என்று விளக்கம் தந்தது. அந்த ஏற்பாடுகளை நான் இளக்காரமாகப் பேசவில்லை, மருத்துவமனை வாசலில் அவை யாருக்காவது உதவலாம். ஆனால் சட்டத்தில் வங்கிக்காக ஒரு வரிகூட மாறவில்லை. இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் தண்டனை தானே உதிர்ந்துவிடும் என்ற பாடத்தை உகாண்டா மட்டும் படித்திருக்காது.

தனிநபர் தடைக்கு ஒரு சுவையான உதாரணம் உண்டு. 2023 சட்டத்தை அவையில் நடத்திக்கொடுத்த சபாநாயகர் அனிட்டா அமோங் மீது 2024 ஏப்ரலில் பிரிட்டன் தடை விதித்தது. மே மாதம் அமெரிக்காவும். காரணமாகக் காட்டியது ஊழலை. பிரிட்டன் சுட்டியது, வறண்ட கரமோஜா பகுதியின் ஏழைகளுக்குக் கூரை போட ஒதுக்கிய தகரங்களை அமைச்சர்களும் பெரிய மனிதர்களும் பங்கு போட்டுக்கொண்ட வழக்கை. மக்கள் கோபப்பட்டுக்கொண்டிருந்த விவகாரம். என்மீது நடவடிக்கை தன்பாலின எதிர்ப்புச் சட்டத்துக்காகத்தான் என்று அமோங் தரப்பு உடனே சொன்னது. எந்தப் பழியை ஏற்க அவர் விரும்பினார், எதைத் தவிர்க்க விரும்பினார் என்று கவனியுங்கள். தன்பாலின எதிர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டவர் உள்ளூரில் தியாகி. கூரைத் தகரத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் திருடர். வெளிநாட்டார் சரியான நரம்பைத் தொட்டதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனாலும் இதையும் முழு வெற்றி என்று எழுத முடியாது: பதவி போகவில்லை, சட்டமும் போகவில்லை.

உகாண்டாவுக்கு வெளியே மூன்று நாடுகள் என் தராசைச் சரிபார்க்க உதவுகின்றன. கானா நாடாளுமன்றம் 2024 பிப்ரவரி 28 அன்று இதே வகை மசோதாவை நிறைவேற்றியது. சில நாட்களில் கானாவின் சொந்த நிதி அமைச்சகம் எழுதிய குறிப்பு வெளியானது: கையெழுத்தானால் ஐந்தாறு ஆண்டுகளில் உலக வங்கியிலிருந்து வரவேண்டிய 380 கோடி டாலர் போகும், ஐஎம்எஃப் திட்டம் ஆட்டங்காணும், ஆகவே நிதானியுங்கள். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்று அதிபர் அகுஃபோ அட்டோ ஒதுங்கிக்கொண்டார். நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிந்ததும் மசோதா காலாவதியானது. அங்கே எந்த வெள்ளைக்கார அமைச்சரும் மேடையில் முழங்கித் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. முந்தைய ஆண்டு உகாண்டாவில் வங்கி செய்ததை அக்ரா அதிகாரிகள் தங்கள் கணக்கேட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டார்கள். உகாண்டா முடக்கத்துக்கு ஏதாவது பலன் உண்டென்றால் அது கானாவில் விளைந்தது. அந்தப் பலனும் நிரந்தரமில்லை, 2025இல் மசோதா மீண்டும் அவைக்கு வந்துவிட்டது.

புருனே 2019 ஏப்ரல் 3 அன்று கல்லெறிந்து கொல்லும் தண்டனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஐநாவும் ஐரோப்பாவும் கண்டித்தன, ஆனால் சுல்தானுக்குச் சொந்தமான லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல்களை நடிகர்களும் நிறுவனங்களும் புறக்கணித்ததுதான் உறைத்தது. மே 5 அன்று, மரண தண்டனையை நிறைவேற்றாமல் வைத்திருக்கும் வழக்கம் இதற்கும் பொருந்தும் என்று சுல்தான் தொலைக்காட்சியில் அறிவித்தார். முடிவெடுக்கிறவரும் பணம் இழக்கிறவரும் ஒரே ஆளாக அமைவது அபூர்வம். சட்டம் இன்றும் ஏட்டில் இருக்கிறது.

ஜாம்பியா என் எண்ணத்துக்குக் கொஞ்சம் எதிராக நிற்கிறது. 2019 நவம்பரில் ஒரு தன்பால் இணைக்கு 15 ஆண்டு சிறை விதித்தபோது அமெரிக்கத் தூதர் டேனியல் ஃபூட் பகிரங்கமாகக் கண்டித்தார். அதிபர் லுங்கு கொதித்தார். தூதர் பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. ஆறு மாதத்தில், 2020 மே மாதம், ஏறக்குறைய 3,000 கைதிகளுக்கு அளித்த பொது மன்னிப்பில் அந்த இருவரும் ஓசையில்லாமல் வெளியே வந்தார்கள். உரத்த பேச்சு எப்போதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே கேட்டது இரண்டு மனிதர்களின் விடுதலை. ஒரு நாட்டின் மானத்தை முன்னிறுத்திய சட்டத்தை வாபஸ் வாங்கு என்று கேட்கவில்லை. கொடுக்கவும் மறைத்துக் கொடுக்கவும் வழி இருந்தது.

'இரட்டை வேடம்' என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதை இரண்டு வரியில் ஒப்புக்கொண்டு நகரலாம். சவூதி அரேபியாவுக்கு இந்தக் காரணத்துக்காக எவரும் எதையும் நிறுத்தியதில்லை. ஆனால் மௌனம் சுத்தமானது என்று அதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. இந்தியா, 2018 செப்டம்பரில் தன் உச்ச நீதிமன்றம் 377ஐ ஒரு பகுதி ரத்து செய்த பிறகும், 2019 ஜூலையில் ஐநா மனித உரிமைப் பேரவையில் பால்புதுமையினர் மீதான வன்முறையை ஆராயும் சுயேச்சை நிபுணரின் பதவியை நீட்டிக்கும் வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டது. காலனியச் சட்டத்தைத் தன் நீதிமன்றம் வழியாகத் தானே உதறிய நாடு என்ற அனுபவம் நம்மிடம் இருக்கிறது. கம்பாலாவில் கேமரனைவிட டெல்லியின் குரலுக்கு மரியாதை கிடைத்திருக்கும். அந்த மூலதனத்தை நாம் செலவழிக்க மறுப்பதற்கு 'உள்விவகாரம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

என் தீர்ப்பு இது. கையெழுத்துக்கு முன், உள்ளூர் அதிகாரி தன் அமைச்சரிடம் நீட்டக்கூடிய எண்களாகப் போய்ச் சேரும் எச்சரிக்கை பலிக்கிறது. கானாவும் 2009 முதல் 2013 வரையிலான உகாண்டாவும் அதற்குச் சான்று. கையெழுத்துக்குப் பின் நாட்டின் மேல் விழும் பொதுத் தண்டனை, பிரசவ வார்டு, சிறு ஏற்றுமதியாளர் என்று தவறான முதுகில் விழுகிறது. கெடு முடிந்ததும் தானே கழன்றும்விடுகிறது. முடிவெடுத்தவரின் பயணத்தையும் வங்கிக் கணக்கையும் தொடும் தடை இவற்றுக்கு நடுவில் நிற்கிறது, அது உள்ளூரில் எடுபடும் குற்றத்தின் பெயரில் வந்தால் மட்டும். மேடைக் கண்டனத்தைக் கடைசியில் வைக்கிறேன். மரண தண்டனைக்கு எதிராக வாய் திறக்காமல் இருப்பது மானக்கேடு என்பதால் அதை விலக்கச் சொல்ல மாட்டேன், அதை ஒரு கருவி என்று எண்ணி ஏமாற வேண்டாம் என்பேன்.

இந்த வரிசையில் மேலே வைக்க வேண்டிய இன்னொன்று, அரசதந்திரப் பட்டியலிலேயே பெரும்பாலும் வராதது. 2024 ஏப்ரல் 3 அன்று உகாண்டா அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்த டாப்ஸ் தீர்ப்பையும் துணைக்கு மேற்கோள் காட்டியது. ஏற்றுமதியாவது சுவிசேஷகர்கள் மட்டுமல்ல. ஆனால் அதே தீர்ப்பு, வீடு வாடகைக்கு விடுவதைக் குற்றமாக்கிய பிரிவையும், தெரிந்தவரைக் காட்டிக்கொடுக்கக் கட்டாயப்படுத்திய பிரிவையும், மருத்துவம் நாடுவதற்குக் குறுக்கே நின்ற பிரிவையும் நீக்கியது. இரண்டாம் சட்டம் வந்தபின் ஒரு உகாண்டா பால்புதுமையினரின் அன்றாடத்தைத் தொட்ட ஒரே முன்னேற்றம் இதுதான். பெற்றுத் தந்தவர்கள் ஒடோய் உள்ளிட்ட உள்ளூர் மனுதாரர்கள், வழக்கறிஞர்கள். அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கருவிகளின் கதியோ வேறு: 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே ஆணையில் முடக்கியபோது, இந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எய்ட்ஸ் சிகிச்சை மையங்களும் உரிமை அமைப்புகளும் முடங்கின. ஆகஸ்டில், மூன்றாம் நாட்டவரை அமெரிக்கா வெளியேற்றினால் ஏற்றுக்கொள்வதாக உகாண்டா ஒப்பந்தம் செய்தது. அமோங் சபாநாயகராகவே இருந்தார்.